சூரியன் வர இன்னும் மூன்று வாரம்

அன்புள்ள முத்து,

டூட்டி முடிந்து வந்து உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பா எழுந்து நடக்கிறார் என்ற வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இங்கே அண்டார்டிகாவில், நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையத்தில் மே கடைசியில் போன சூரியன் ஜூலை நடுவில்தான் திரும்பும். நண்பகலில் வடக்கே அடிவானத்தில் கொஞ்ச நேரம் சிவப்பு தெரியும், யாரும் கூப்பிடாமலே எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிடுகிறோம். ஜூன் 21ஆம் தேதி நடுக்குளிர்கால நாள், அண்டார்டிகாவில் குளிர்காலத்திலும் ஆட்கள் தங்குகிற நிலையங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். அன்றைக்கு வந்த படங்கள் இன்னும் சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கின்றன.

குளிரை எப்படித் தாங்குகிறாய் என்று கேட்டிருந்தாய். குளிருக்கு உடுப்பு இருக்கிறது, நாங்கள் பயப்படுவது தீக்கு. 134 சரக்குக் கன்டெய்னர்களை அடுக்கி மேலே உறை போர்த்திய கட்டடம் இது, 2012இல் திறந்தது. காற்றில் ஈரமே கிடையாது, உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கும், கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீரென்று ஷாக் அடிக்கும். கப்பல் கோடையில்தான் வரும். அதனால் தீ ஒத்திகைக்கு மணி அடித்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறோம், ஒருவர்கூட முணுமுணுப்பதில்லை.

என் வேலை அதே வானிலைதான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அழுத்தம், வெப்பநிலை, காற்று, மேகம் என்று பார்த்து எழுத வேண்டும். போன வாரப் பனிப்புயலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போனோம். கையுறையைச் சரிசெய்ய ஒரு நொடி கயிற்றை விட்டேன், அவ்வளவுதான், கட்டடம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மண்டியிட்டுத் துழாவினேன்; கயிறு முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கூட வந்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்றைக்கு முந்தைய எண்ணையே எழுதிவிட்டு உள்ளேயே இருந்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. ஆனால் பிரிட்டிஷ்காரர்களின் ஹாலி நிலையத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே 1950களிலிருந்து ஓசோனை அளந்து எழுதிக்கொண்டே வந்தார்கள், அந்தப் பழைய கணக்கு இருந்ததால்தான் வசந்த காலத்தில் ஓசோன் வெகுவாகக் குறைகிறது என்று 1985இல் உறுதியாகச் சொல்ல முடிந்தது, ஓசோனைக் கெடுக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தமும் வந்தது. முதலில் அளந்தவருக்கு அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்திருக்காது. போக முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுவேனே தவிர, யூகித்து ஒரு எண்ணைப் போட மாட்டேன்.

பையன் பென்குவினோடு விளையாடினேனா என்று கேட்கிறானாமே! அடேலி பென்குவின்கள் குளிர்காலத்தில் கடல்பனியின் விளிம்புப் பக்கம் போய்விடும், அக்டோபர் வாக்கில்தான் கரைக்குத் திரும்பும். வந்தாலும் ஐந்து மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், அவை நம்மைப் பார்த்து விலகினால் நாம்தான் தப்பு செய்கிறோம் என்று அர்த்தம். அவன் அழுதால், பேரரசப் பென்குவின் அப்பா இந்த இருட்டில் இரண்டு மாதம் ஒன்றும் சாப்பிடாமல் முட்டையைக் காலில் ஏந்தி நிற்பதைச் சொல்லு.

புது வேலையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய், அடுத்ததில் முழுசாக எழுது. அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லு. அடுத்த ரீடிங்குக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது, உடுப்பை மாட்ட ஆரம்பிக்க வேண்டும்.

அன்புடன்,
செல்வம்