குமரி மாவட்ட ஒலிப்பதிவுக் கூடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

“நன்றாக ஓடிய விண்டோஸ் சிஸ்டத்தை விட்டுவிட்டு இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போயிருக்கிறானே” என்று நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை நீங்கள் சிரித்தது என் காதுக்கும் வந்தது. முதல் இரண்டு மாதம் எனக்கே சிரிப்புதான்.

போன காரணம் இது. ஒரு சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைத் தடம் தடமாக, அதாவது ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனியாக, பதிந்து வைத்திருந்தேன். பாடிய புலவர் காலமாகிவிட்டார். குடத்தின் ஒலியைத் தணித்து அப்பாவின் குரலைத் தூக்கித் தரும்படி அவர் மகன் வந்து கேட்டார். பழைய மென்பொருளோ, சந்தா முடிந்துவிட்டது, கட்டினால்தான் திறப்பேன் என்றது. நான் பதிந்த பாட்டைக் கேட்க நானே வாடகை கட்ட வேண்டும்!

லினக்ஸில் ஓடும் ஒலிப்பதிவு மென்பொருளான ஆர்டோருக்கு மாறினேன். முதல் பதிவிலேயே உடுக்கைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அவர் அடிப்பது அவருக்கே பிந்திக் கேட்டதாம். பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவு, 1,024 மாதிரிகளில் கிடந்தது. வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் அது ஒன்றே 21 மில்லிவினாடியைத் தின்றுவிடும். அதற்குள் ஒலி காற்றில் 24 அடி போய்விடுகிறது. மடியிலிருக்கும் உடுக்கை தெருமுனையில் ஒலித்தால் எவருக்குத்தான் தாளம் நிற்கும்? 256 ஆக்கினேன். ஐந்து மில்லிவினாடி, ஏறத்தாழ ஆறடி. மேடையில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற தூரம்தான்.

உடனே கடுகு வெடிப்பதுபோல் பொரிசத்தம். கணினி குறித்த நேரத்துக்குள் பஃபரை நிரப்பவில்லை என்று பொருள், எக்ஸ்ரன் என்பார்கள். சவுண்டு கார்டைச் சந்தேகித்து ஒரு வாரம் வீணடித்தேன். உண்மையில் என் பயனர் கணக்கு ‘ஆடியோ’ குழுவில் இல்லை. அதனால் ஒலிக்கு முன்னுரிமை கிடைக்கவில்லை. சேர்த்துவிட்டு மறுபடி உள்நுழைந்தேன், தீர்ந்தது. நிறுவும்போதே இதைக் கேட்டுத் தொலைத்தால் என்ன என்ற எரிச்சல் இன்றும் எனக்கு உண்டு. விண்டோஸுக்காகக் காசு கொடுத்து வாங்கிய பிளகின்களும் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) இங்கே நேராக ஓடாது. அவற்றை மறந்து லினக்ஸில் ஓடும் எல்வி2 வகைப் பிளகின்களோடு பழகிவிட்டேன்.

ஆனால் ஆர்டோரின் பதிவு என்பது ஒரு சாதாரண ஃபோல்டர். உள்ளே ஒவ்வொரு தடமும் எல்லா ஒலி மென்பொருளும் திறக்கும் வேவ் கோப்பாகவே கிடக்கிறது. எதை எங்கே வெட்டினோம் என்ற கணக்கு எக்ஸ்எம்எல் என்ற, திறந்து படிக்கக்கூடிய எழுத்து வடிவில் இருக்கிறது. நாளை ஆர்டோரே இல்லாமல் போனாலும் புலவரின் குரல் எந்தக் கணினியிலும் ஒலிக்கும்.

எல்லாரும் மாறுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொடைக் காலத்தில் மாறவே மாறாதீர்கள். ஐப்பசி மழையில் வேலை குறையும்போது, பழைய கணினியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பழகுங்கள். மாறாவிட்டாலும் ஒன்று செய்யுங்கள்: சந்தா உயிரோடு இருக்கும்போதே, உங்களிடமுள்ள வில்லுப்பாட்டுப் பதிவுகளின் ஒவ்வொரு தடத்தையும் பதிவின் பூச்சிய வினாடியிலிருந்தே தொடங்கும் வேவ் கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். அப்படி எடுத்தால் எந்த மென்பொருளில் போட்டாலும் தடங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் நிற்கும்.

அந்த மகனுக்காகக் கடைசியில் ஒரு மாதச் சந்தா கட்டித்தான் பாட்டை மீட்டேன். இப்போது அது இரண்டு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. கேட்க வருபவர்கள் ஹெட்போன் கொண்டு வரவும். என்னுடையதன் இடது காது வேலை செய்யவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் சிரித்த அதே ஆள்