உண்ணிக் காய்ச்சல்: ஞாயிறு காலை தெருச் சுத்தம்

அனைவருக்கும் வணக்கம். மழைக்குப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் பரவும் காலம் இது. நவம்பர் 22, ஞாயிறு காலை 7 மணிக்கு ஊருணிக் கரையில் கூடுவோம்.

1. முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ அவசியம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புதருக்குள் இறங்க வேண்டாம், அண்ணன்மார்களே.

2. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். துணியை வெந்நீரில் அலசுங்கள்.

3. கடிப்பது நாய் மேல் தொங்கும் உண்ணி அல்ல, புதரிலும் எலி மேலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னப் பூச்சி. வலிக்காது. காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கலாம், எல்லோருக்கும் இருக்காது. ஆச்சிமார் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். டெங்கு இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் இதற்கும் பரிசோதனை கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தில் குணமாகும், தாமதித்தால்தான் ஆபத்து.

4. சென்னை, சிங்கப்பூரில் இருப்பவர்கள்: பூட்டிய வீட்டுக் கொல்லையில்தான் புதரும் எலியும் சேர்கின்றன. சாவி யாரிடம் என்று சொல்லுங்கள், ஆள் வைத்து வெட்டிவிடலாம். கூலி உங்களுடையது!

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இந்தக் குழுவில் பெயர் போடவும். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.