நம்ம கோயில் கமிட்டிக்கும் பட்டணத்துப் பெரியவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், மத்த கமிட்டிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் தோட்டத்துப் பக்கத்துலருந்து காலேஜ், யூனினு போற பிள்ளைங்கள பத்திதான் எழுதுறேன். அப்பா செம்பனை வெட்டுறாரு, அம்மா உதிரிப் பழம் பொறுக்குறாங்க, வீட்லயே முதல் ஆளா படிக்கப் போன பிள்ளை, பி.டி.பி.டி.என்னு கவர்மெண்ட் படிப்பு லோன் வேற, இதுல ஒரு பாடம் போச்சுன்னா வீட்ல சொல்ல வாய் வருமா? ஈப்போல படிச்ச ஒரு தம்பி பாதியில நின்னுட்டான், ஆனா தினமும் பேக்க மாட்டிக்கிட்டு கிளம்பிருவான், சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டேஷன்லயே உக்காந்திருப்பான், கிளாஸுக்குத்தான் போறான்னு அம்மா கட்டிக் குடுத்த சோத்த அங்கயே வச்சு சாப்பிட்டிருக்கான்.

அவன் சாகப் பாத்தான். பொழச்சுக்கிட்டான், அந்த ஆத்தா காப்பாத்திட்டா. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம பெரியவங்க சொன்னது என்ன? "டாக்டர்கிட்ட தெரியாம நடந்துருச்சுன்னு சொல்லிருங்க, போலீஸ் கேஸ் ஆயிரும்." அம்மாவும் அப்படியே சொல்லிட்டாங்க. டாக்டர் உடம்ப பாத்தாரு, வீட்டுக்கு அனுப்பிட்டாரு, மனச யாரும் பாக்கல. ஒரு தடவ முயற்சி பண்ணவங்களுக்குத்தான் திரும்ப அந்த ஆபத்து ரொம்ப அதிகம், அதனால அந்த நேரத்துல உண்மைய மறைக்கிறது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க.

பயந்ததுல தப்பில்ல, குற்றவியல் சட்டம் 309ல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்துச்சு. ஆனா அந்தப் பிரிவ 2023லயே எடுத்துட்டாங்க, செப்டம்பர்லருந்து தற்கொலை முயற்சி குற்றமே இல்ல. இது நம்ம பட்டணத்துல எத்தன வீட்டுக்குத் தெரியும்? திருவிழா டோக்கன் எப்ப குடுப்பாங்கன்னு மைக்ல நாலு தடவ சொல்றோம், இத ஒரு தடவகூட சொன்னதில்ல.

இன்னொன்னு, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்"னு கிண்டல் பண்ற பேச்ச தயவு செஞ்சு கோயில் வளாகத்துலயாவது விடுங்க. அங்க இருக்கிறது மனசுக்கு வைத்தியம் பாக்கிற ஒரு ஆஸ்பத்திரிதான், நம்மளுக்குப் பக்கத்துலயே இருக்கு. அந்தக் கிண்டலுக்குப் பயந்தே எந்தப் பிள்ளையும் வாயத் தொறக்க மாட்டேங்குது. முதல்ல அங்கதான் போகணும்னுகூட இல்ல, கவர்மெண்ட் கிளினிக்குல 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிட்டு மனசு சரியில்லன்னு சொன்னா போதும், டாக்டர் பாப்பாங்க, வேணும்னா மேல அனுப்புவாங்க.

அம்மா அப்பாமாருக்கும் ஒரு வார்த்த. பிள்ளை தூங்காம, சாப்பிடாம, யார்கிட்டயும் பேசாம இருந்தா, "சாகணும்னு தோணுதாய்யா"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துரும்னு பயப்படாதீங்க, அப்படி வராது, கேட்டாத்தான் பிள்ளை சொல்லும். சொல்லும்போது குறுக்க பேசாதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில என்ன பாயிண்டர் (மார்க்) வாங்குச்சுன்னு அப்ப இழுக்காதீங்க. தனியா விடாதீங்க.

நான் கேக்கிறது ஒன்னுதான் ஐயா. வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, பிரசாதம் குடுக்கறதுக்கு முன்னாடி, இந்தச் சட்டம் மாறிப்போச்சுங்கிறத மைக்ல சொல்லுங்க. மனசு கஷ்டமா இருக்கிறவங்க போன்ல பேசறதுக்கு சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, இந்த ரெண்டு நம்பரையும் நோட்டீஸ் போர்டுல பெருசா ஒட்டுங்க. நோட்டீஸ நானே தமிழ்ல டைப் பண்ணி வியாழக்கிழமை செயலாளர் அண்ணன்கிட்ட குடுத்துர்றேன்.