குப்பிக்குள் இருப்பது எந்தத் துண்டு? மறுசேர்க்கைப் புரதம் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மறுசேர்க்கைப் புரதங்களை (மரபணுவை வேறோர் உயிரணுவில் புகுத்திச் செய்தெடுப்பவை) தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை இங்கே தருவித்துத் தரும் டீலர்களுக்கும் வணக்கம்.

நான் இதயத் தசைப் புரதங்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி. போன வருடம் மூன்று மாதம் காத்திருந்து ஒரு குப்பி வாங்கினோம். ‘மனித இதய மயோசின்-பிணைப்புப் புரதம் சி, மறுசேர்க்கை’ என்று லேபிளில் இருந்தது. இதயத் தசையில் மயோசின் என்ற இழைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதம் அது. ட்ரை ஐஸ் கரையாமல் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், முழுப் புரதம் தெரிய வேண்டிய 140 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் ஒன்றுமே இல்லை. 50க்கு அருகே ஒரு பட்டை. 66க்கு அருகே அதைவிடத் தடிமனாக இன்னொன்று. பல முறை எழுதிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சின்னது, புரதத்தின் முன்பகுதி மட்டும். பெரியது, புரதம் கெடாமல் இருக்கக் கலந்த ஆல்புமின் என்ற மாட்டு இரத்தப் புரதம்.

துண்டாக விற்பதைக் குறை சொல்லவில்லை. முழுப் புரதத்தில் 1274 அமினோ அமிலங்கள். சி0 முதல் சி10 வரை பதினொரு பகுதிகள் மணி கோத்தது போல வரிசையாக இருக்கின்றன. அவ்வளவு நீளமானதை ஈ.கோலி பாக்டீரியாவில் ஒழுங்காகச் செய்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். தசையின் இன்னோர் இழைப் புரதமான ஆக்டினோடு பிணைவதைப் பார்க்கிறவர்களுக்கு சி0 முதல் சி2 வரையுள்ள முன்பகுதியே போதும். எங்களுக்கு வேண்டியிருந்தது மறுமுனை.

ஏன் என்று சொல்கிறேன். இந்தப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வகை தெற்காசியர்களிடையே பரவியிருப்பதை 2009ல் ஓர் ஆய்வு காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையும் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியையும் சேர்ந்தவர்கள் அதில் முன்னின்றார்கள். ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது. கல்யாணப் பந்தியில் நூறு பேர் உட்கார்ந்தால் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25 எழுத்துகள் இல்லாதபோது மரபணுவின் 33ஆம் எக்சான் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டு) தவறிப்போகிறது. புரதத்தின் கடைசிப் பகுதியான சி10 உருமாறிவிடுகிறது. மயோசின் இழையின் தண்டைப் புரதம் பிடித்துக்கொள்வதே அந்த முனையால்தான். இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் இதயம் பலவீனமாவதில்லை. யாருக்கு ஆகிறது, ஏன் ஆகிறது என்பதைத் தேடும் ஆய்வகத்துக்கு சி10 இல்லாத குப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று. இதயத்துக்குள் இந்தப் புரதத்தின் சி1, சி2 பகுதிகளுக்கு நடுவே பாஸ்பேட் என்ற சிறு வேதித்தொகுதி ஏறும். அட்ரினலின் சுரக்கும்போது கூடுதலாக ஏறும். ஏறிவிட்டால் மயோசினோடு உள்ள பிடி தளரும். ஈ.கோலியில் அந்த வேலையைச் செய்யும் நொதி இல்லை. ஆகவே அதில் செய்த புரதம் பாஸ்பேட் இல்லாமலே வருகிறது. தெரிந்தால் நாங்களே அந்த நொதியை (கைனேஸ்) சேர்த்து ஏற்றிக்கொள்வோம். எந்த உயிரணுவில் செய்தீர்கள் என்றே எழுதாவிட்டால் எப்படித் தெரியும்?

ஆக்டின் இழையை ஒட்டிக் கிடக்கும் ட்ரோபோமயோசினை எடுத்துக்கொள்ளுங்கள், 284 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். மனிதத் தசையில் அதன் முதல் நுனியில் ஓர் அசெட்டைல் தொகுதி இருக்கும். பாக்டீரியாவில் செய்தால் அது இருக்காது, ஆக்டினைச் சரியாகப் பிடிக்காது. அந்த நுனியில் அலனின், செரின் என்று இரண்டு அமினோ அமிலங்களை ஒட்டிவிட்டால் பெருமளவு சரியாகும் என்று 1990களிலேயே கண்டுபிடித்தார்கள். உங்கள் சரக்கில் அந்த இரண்டும் உண்டா, இல்லையா? ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரி இல்லாததால் ஒரு மாணவர், ஒட்டாத புரதத்தைப் பார்த்துத் தன் கைதான் சரியில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார். நான் அப்படி இருந்திருக்கிறேன்.

‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று எல்லாக் குப்பியிலும் அச்சிடுகிறீர்கள். மருந்தாகப் பயன்படுத்தாதீர்கள் என்பதற்கான எச்சரிக்கை அது, சரி. ஆனால் விவரம் தராததற்கு அதையே பதிலாகச் சொல்லாதீர்கள். ஆராய்ச்சிக்குத்தான் விவரம் அதிகம் தேவை.

எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை என்பதை லேபிளிலேயே போடுங்கள். புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டும் ஹிஸ்டிடின் வால் இருந்தால் எந்த முனையில் என்று சொல்லுங்கள். ஆல்புமின் கலந்திருந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள்; இல்லாவிட்டால் நாங்கள் அளக்கும் புரத அளவு முழுக்கப் பொய்யாகிவிடும். எப்போதோ எடுத்த ஜெல் படம் வேண்டாம், அந்த பேட்சின் படத்தையே அனுப்புங்கள். டீலர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விலைப்பட்டியல் அனுப்பும்போதே தகவல் தாளையும் சேர்த்து அனுப்பினால், ஆர்டர் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுவோம். திறந்த குப்பியை நீங்கள் திரும்ப எடுப்பதில்லை. மானியப் பணமும் அந்த வருடத்துக்கு அத்தோடு முடிந்துவிடும்.

அடுத்த மாதம் சி8 முதல் சி10 வரை உள்ள துண்டுக்கு ஆர்டர் போட இருக்கிறோம். அதற்குள் உங்களில் யாராவது இந்த விவரங்களை முழுதாகத் தந்தால், எங்கள் ஆர்டர் அவர்களுக்குத்தான்.

அன்புடன்,
இதயத் தசைப் புரதங்களோடு வேலை செய்யும் ஓர் ஆய்வு மாணவி