செயலாளர் ஆண்டறிக்கை: புளூம்ஸ்பரி இலக்கிய நடைப்பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டில் நம் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆண்டின் முதன்மை நிகழ்வான லண்டனின் புளூம்ஸ்பரி பகுதியில் எழுத்தாளர்களின் தடங்களைத் தேடிச் சென்ற நடைப்பயணத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளைக் குறிக்கும் நீலப் பலகைகளைத் தேடி வீடு வீடாகச் செல்வதே இத்தகைய நடைகளின் வழக்கம். இம்முறை சதுக்கப் பூங்காக்களையே வழித்தடமாகக் கொள்வதெனச் செயற்குழு முடிவெடுத்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் 1924 முதல் 1939 வரை வாழ்ந்த டாவிஸ்டாக் சதுக்கம் 52ஆம் எண் வீடு போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. அவ்விடத்தில் இன்று ஒரு ஹோட்டல் நிற்கிறது. ஆனால், ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவல் எந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கையில் தம் மனத்தில் உருவானது என்று அவரே எழுதினாரோ, அந்தச் சதுக்கத்தை இன்றும் சுற்றி வரலாம். நாமும் சுற்றி வந்தோம். அதே பூங்காவின் நடுவில் 1968இல் திறக்கப்பட்ட காந்தி சிலை, சம்மணமிட்டு அமர்ந்த கோலத்தில் இருக்கிறது. மலர் வைப்பதற்கென்றே பீடத்தில் விடப்பட்டுள்ள குழிவில் அன்று வாடிய சாமந்திப் பூக்களும் ஒரு மெழுகுவத்தித் துண்டும் கிடந்தன.

அடுத்துள்ள கார்டன் சதுக்கத்தில் தாகூரின் மார்பளவுச் சிலையைக் கண்டோம். வுல்ஃப் உடன்பிறந்தாரோடு 1904இல் குடியேறிய 46ஆம் எண் வீட்டுப் பலகையிலோ பொருளியலறிஞர் கீன்ஸின் பெயரே உள்ளது. பலகைகளை மட்டும் நம்பி நடப்போர் இவ்வீட்டின் பாதிக் கதையைத் தவறவிடுவர். ரஸ்ஸல் சதுக்கத்தை ஒட்டிய சோயாஸ் (லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி) வளாகத்தில் திருவள்ளுவர் சிலை முன்பு உறுப்பினர்கள் குறள் ஓதினர். பெட்ஃபோர்டு சதுக்கத் தோட்டம் சாவி உடையோருக்கு மட்டுமே உரியதாகையால், கம்பி வேலி வழியாகப் பார்த்ததோடு திரும்பினோம்.

டௌட்டி தெரு 48ஆம் எண்ணில் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை வாழ்ந்த வீடு இன்று கட்டண அருங்காட்சியகமாக உள்ளது. நேரமின்மையால் வாசலோடு நின்றுவிட்டோம். அதற்குத் தனியே அரை நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அருகிலுள்ள கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்காவில் குழந்தையை உடன் அழைத்து வராத பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே மூத்த உறுப்பினர் பலர் வெளியே காத்திருக்க நேர்ந்தது. உள்ளே சென்ற சிறுவர்களோ வெளியே வர மறுத்தனர். அடுத்த நடையைப் பள்ளி விடுமுறையில், குடும்பத்துடன் வரும் வகையில் அமைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.