சிரம்பான் வாசலுக்கு ஒரு புளிச்சைச் செடி

ஊத்தான் மெலிந்தாங், பேராக், மலேசியா

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் கோயில்வரை நடந்து போகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. மகள் வீட்டோடு வந்துவிட்டதும் நல்லதே. தாமான் குடியிருப்பு வீடு பழக நாளாகும்தான், ஆனாலும் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், அது போதும்.

இங்கே எல்லாரும் சுகம். மாரியம்மன் திருவிழா நன்றாக நடந்தது. கிள்ளான், ஜொகூர் என்று போய்விட்ட பிள்ளைகளெல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நாம் குடியிருந்த தோட்டத்து லயத்து வீடுகளை இடித்த இடத்தில் வைத்த செம்பனை காய்க்கத் தொடங்கிவிட்டது. உன் பெரியவள் படித்த பள்ளியில் இந்த ஆண்டும் பிள்ளைகள் குறைவு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வாசலில் கொஞ்சம் மண், மீதியெல்லாம் சிமெண்டு, அதில் சாப்பிடுகிற செம்பருத்தி வகையில் எதை வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். புளிச்சக்கீரை வை. சிவப்புத் தண்டுப் புளிச்சை. இன்றைக்கு ரோசெல் என்று பாட்டிலில் அடைத்து விற்கிற சிவப்புத் தண்ணீர் இந்தச் செடியிலிருந்து வருவதுதான். ஆனால் அந்தத் தண்ணீருக்காக இதை வைக்காதே, கீரைக்காக வை. எல்லாரும் அந்தச் சிவப்புக் காயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் சோற்றுக்கு ஆகிற இலையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

நம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் தெலுங்குக் குடும்பங்கள் எத்தனை இருந்தன என்று உனக்குத் தெரியும். பாகான் டத்தோ வரைக்கும் இன்னும் இருக்கிறார்கள். கடைசி லயத்து அம்மம்மா வீட்டு வேலியோரத்தில், அவர்கள் கோங்குரா என்று சொல்கிற இந்தப் புளிச்சை எப்போதும் நிற்கும். இலையைக் காம்பு நீக்கிக் கழுவி, நிழலில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயில் வதக்குவார். தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்க்கமாட்டார். சட்டி நிறைய இருக்கிற இலை கொஞ்ச நேரத்தில் பச்சை நிறம் மங்கி, களிம்பு மாதிரி கரைந்து அடியில் உட்கார்ந்துவிடும். வறுத்த மிளகாய், வெந்தயம், மல்லி, பூண்டு எல்லாம் அம்மியில் இடித்து அதில் சேர்த்தால், சுடுசோறும் நல்லெண்ணெயும் போதும், வேறு கறியே வேண்டாம். நம் வீட்டில் அதையே துவரம் பருப்போடு கடைவோம். புளி கரைக்க வேண்டாம், இலையின் புளிப்பே தாராளம். நெத்திலிக் கருவாடு போட்டுச் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஒன்றே ஒன்று, அலுமினியச் சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ செய்யாதே. அந்தப் புளிப்பு உலோகத்தை அரித்து ருசியைக் கெடுக்கும். மண்சட்டி அல்லது எவர்சில்வர்.

செம்பருத்தி கேட்டால் கீரையைச் சொல்கிறாளே என்று நினைக்காதே. புளிச்சையும் செம்பருத்தி இனம்தான். வெண்டைக்காயும் இந்தக் குடும்பத்துக்காரிதான், பருத்தியும் அப்படியே. காலையில் புளிச்சை பூத்திருக்கும்போது கிட்டப்போய்ப் பார்: வெளிர்மஞ்சள் இதழ் ஐந்து, உள்ளே அடர்ந்த குங்கும நிறம், நடுவில் மகரந்தத்தூள் ஒட்டிய தண்டு. வெண்டைப் பூவும் அச்சாக இதுபோல்தான் இருக்கும். 1960இல் நம் நாட்டுத் தேசிய மலராக அறிவித்த புங்கா ராயா என்கிற செம்பருத்திக்கும் இதற்கும் அப்படி நெருங்கிய உறவு. கிளந்தான் பக்கம் புகையிலைக்குப் பதிலாக நாருக்கென்று அரசாங்கம் ஊக்குவித்த கெனாஃப் செடியும் இன்னொரு சகோதரி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் புளிச்சக்கீரை என்று கட்டுக்கட்டாக விற்பது அந்தக் கெனாஃப்தான்.

வளர்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புளிச்சை குறும்பகல் செடி. பகல் நேரம் சுருங்கினால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். வட இந்தியாவில் மழைக்காலத்தில் விதைத்தால் செப்டம்பர், அக்டோபர்வரை இலையும் கிளையுமாக ஓங்கி வளர்ந்துவிட்டுப் பிறகுதான் மொட்டு விடும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஆண்டு முழுக்க இங்கே பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம்தான். அதனால் எந்த மாதம் விதைத்தாலும் சீக்கிரமே பூக்க ஓடும், இடுப்பளவுகூட வளராமல் மொட்டு வைத்துவிடும். பூக்கத் தொடங்கிய செடியில் இலை சிறுத்துவிடும், முற்றி நாராகவும் ஆகும். ஆகவே செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளு. கிள்ளியதையும் சமைத்துவிடு. பக்கக் கிளைகள் வரும், அவற்றின் நுனியையும் கிள்ளு. இப்படிக் கிள்ளக் கிள்ளப் புதருக்குள் இளங்கீரை வந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை நாலைந்து விதையைப் புதிதாக ஊன்றிக்கொண்டே இரு, கீரைக்குக் குறை வராது.

விதையை ஊறப்போட்டு மறுநாள் ஊன்று, ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கீரைக்கு என்றால் ஒரு சாண் இடைவெளி போதும். காய்க்கு விடுகிற செடிக்குக் கைநீட்டுகிற அளவு இடம் வேண்டும், அது நன்றாகப் படரும். முழு வெயில் வேண்டும். உன் வாசலில் காரின் நிழல் விழாத பக்கமாகப் பார்த்து வை. தொட்டி என்றால் பெரிய பாலிபேக், அடியில் ஓட்டை தாராளமாக இருக்கட்டும். அடியில் தட்டு வைக்காதே. தண்ணீர் தேங்கினால் புளிச்சைக்குக் கால் அழுகிவிடும், தட்டில் கொசுப்புழு வந்தால் சுகாதார இலாகாக்காரர் அபராதச் சீட்டு எழுதிவிடுவார். இங்கே எங்களுடையது கடலோரக் களிமண், ஒரு மழைக்கே கால் புதையும். அதனால் நான் எல்லாவற்றையும் மேட்டுப்பாத்தியில்தான் வைத்திருக்கிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சுகிற வெற்றுக் குலைகளை வாங்கி வந்து செடிகளுக்கு நடுவே பரப்புவேன். களை வராது, மக்கி நல்ல உரமாகும், சாம்பல் சத்தும் கிடைக்கும். ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகிப் பக்கத்துத் தென்னைகளைக் குடைந்துவிடும். சிரம்பானில் உனக்கு அந்தக் குலை கிடைக்காவிட்டால் காய்ந்த புல் போதும்.

வெண்டையோ தக்காளியோ வைத்துப் பிடுங்கிய மண்ணில் புளிச்சையை ஊன்றாதே. வேர்முடிச்சுப் புழு அந்த மண்ணில் காத்துக்கொண்டிருக்கும். செடி வாடும், பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முண்டு முண்டாக இருக்கும். துலுக்கச் சாமந்தியை இடையிடையே வைப்பது அதற்கு நல்லது. நுனி இலை சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தால் மாவுப்பூச்சி. அந்த நுனியை ஒடித்துப் பையில் கட்டி எறிந்துவிடு. எறும்பு ஏறுகிறதா என்றும் பார், எறும்புதான் அதற்குக் காவல். சாப்பிடுகிற இலை, அதில் மருந்து அடிக்கவே வேண்டாம்.

கீரை போதும் என்று தோன்றும்போது ஓரிரு செடியைக் கிள்ளாமல் விடு, பூக்கும். பூ ஒரு நாள்தான். அது வாடி விழுந்த பிறகு அடியிலுள்ள புல்லிவட்டம் சதைப்பிடித்து, மூன்று வாரத்தில் மெழுகுபோல் மின்னுகிற அடர்சிவப்பாகிவிடும். நாம் காய் என்று சொல்வது அதைத்தான். உண்மையான காய் அதற்குள்ளே பச்சையாக இருக்கிற உருண்டை. விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடியும்போதே பறித்துவிட வேண்டும், விட்டால் நாரேறிவிடும். அடிக்காம்பைச் சுற்றி வெட்டி, சின்னக் குழாய்த் துண்டால் உள் உருண்டையைத் தள்ளினால் சிவப்பு மட்டும் கிண்ணம் மாதிரி முழுசாக நிற்கும். அந்த உருண்டைமேல் மெல்லிய சுணை உண்டு, விரல் நுனி அரிக்கும். பேரப்பிள்ளைகள் உதவிக்கு வந்தால் தள்ளுகிற வேலையை நீ வைத்துக்கொள், அலசுகிற வேலையை அவர்களுக்குக் கொடு.

தள்ளிய பச்சை உருண்டைகளை வீசாதே. தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கொழகொழவென்று வரும். அதைச் சேர்த்து ஜாம் காய்ச்சினால் தானாக உறையும். சிவப்பைத் தண்ணீரில் போட்டு லேசாகக் கொதிக்கவிட்டு இறக்கிவிடு. அந்தச் சிவப்பு அந்தோசயனின் என்ற நிறமி, அதிக நேரம் காய்ந்தால் மங்கிவிடும். தொண்ணூறுகளில் திரங்கானுவின் மணல் நிலத்தில் இதைப் பயிராகப் பரப்பினார்கள், அதிலிருந்துதான் நம் பசார் மாலாம் இரவுச் சந்தைகளில் இந்தத் தண்ணீர் இவ்வளவு பிரபலம். ஆனால் விற்கிற பாட்டிலில் பெரும்பாலும் சீனிதான். உனக்கு இனிப்புநீர் வியாதி இருக்கிறது. வீட்டில் காய்ச்சிச் சீனியில்லாமல் குடி.

அண்ணனுக்கு ரத்த அழுத்தம், இதைக் குடித்தால் குறையுமாமே என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 65 பேரில் ஒரு பாதிக்கு இந்தத் தேநீரையும் மறு பாதிக்கு இதேபோல் செய்த வேறு பானத்தையும் தினம் மூன்று கோப்பை, ஆறு வாரம் கொடுத்தார்கள். இதைக் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு புள்ளிதான். ஆனால் அவர்கள் லேசான அழுத்தம் உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடாதவர்கள். அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டும் சேர்ந்தால் அளவுக்குமேல் இறங்கித் தலைசுற்றலாம். கிளினிக்கில் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தவே கூடாது. சின்னவள் உண்டாகியிருப்பதாக எழுதியிருக்கிறாய், அவளுக்கும் இந்தத் தேநீரைக் கொடுக்காதே. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கீரையை அளவாகப் போடு.

சிமெண்டுத் தரைப்பக்கம் ஒரு தொட்டியில் ஒற்றையடுக்குச் சிவப்புச் செம்பருத்தியும் வை, அம்மனுக்குத் தினம் ஒரு பூ கிடைக்கும். அந்த இதழையும் தின்னலாம், காம்பையும் நடுத்தண்டையும் நீக்கிவிட்டுத் தோசை மாவில் கிள்ளிப் போடலாம். நர்சரியில் வாங்கினால் மட்டும் சில மாதம் பொறு. அங்கே அடிக்கிற மருந்து செடிக்குள்ளேயே ஊறியிருக்கும், வருகிற பூவெல்லாம் சாமிக்குத்தான், வாய்க்கு இல்லை. அதைவிட யார் வீட்டு வேலியிலிருந்தாவது பென்சில் கனத்தில் ஒரு குச்சி ஒடித்து ஊன்று, வேர் பிடித்துவிடும்.

விதையை என் மருமகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வரும் வாரம் வேலையாக அந்தப் பக்கம் வருகிறார், வீட்டில் வந்து தருவார். செடியிலேயே காய்ந்து ஐந்தாக வெடித்த காயிலிருந்து எடுத்தது, கறுப்பாகச் சிறுநீரக வடிவில் இருக்கும். மீதியை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வை. முதல் கீரை கிள்ளியதும் பருப்பில் போட்டாயா, தொக்காக வதக்கினாயா என்று எழுது. அண்ணனைக் கேட்டதாகச் சொல். தீபாவளிக்கு முன்னால் தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்றாயே, அது உறுதிதானா? வருவதாக இருந்தால் இரண்டு நாள் இங்கே தங்குகிற மாதிரி வா.

அன்புடன்,
உன் காமாட்சி