வேனுக்குள் விரிக்கும் பலகை: எழுத்தில் ஒரு தெளிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் காயில் கட்டும் கடை நடத்தி, இப்போது அதை மகனிடம் ஒப்படைத்திருக்கும் அறுபத்து மூன்று வயது வாசகன் நான். வீட்டில் இருக்கும் பழைய மாருதி ஆம்னி வேனை, பகலில் வழக்கமான வேலைகளுக்கும் இரவில் தேவைப்பட்டால் இருவர் படுத்து உறங்குவதற்கும் ஏற்றபடி ஒழுங்குசெய்து இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இப்படிச் செய்வது சட்டப்படி சரிதானா என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் எங்கள் பகுதியில் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு உறுதியான பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லை. தமிழக, கேரளப் போக்குவரத்துத் துறைகளே இருக்கின்றன. அந்தப் பதிலை எழுத்தில் கேட்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில், இதற்கு என்ன தேவை வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்பிருந்த கொள்வினை, கொடுப்பினை மலைக்கு அப்பால் புனலூர், கொல்லம் வரை இன்றும் தொடர்கிறது. பெரிய வைத்தியம் என்றால் எங்களில் பலர் திருவனந்தபுரம்தான் போவோம். என் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் அங்கேதான் போனோம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். அக்காவுக்கும் துணைக்கு இருந்த என் மனைவிக்கும் பெண்கள் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. எனக்கும் அத்தானுக்கும் கிடைக்கவில்லை. அறை வாடகை நாளொன்றுக்கு 800 ரூபாய் என்றால் முப்பது நாளுக்கு 24,000 ரூபாய். மருந்துக்கே கடன் வாங்கிய வீட்டில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் ரேஷன் வாங்குவதற்கும் வைத்திருந்த வேன் நினைவுக்கு வந்தது. அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளில் பலகை அறுத்து, கீல் பூட்டி, திங்கட்கிழமை அதிகாலையில் புறப்பட்டுவிட்டோம். வேலைக்கு மொத்தம் 19,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. அதில் பாதி பேட்டரிக்கும் மின்விசிறிக்கும் போனது.

ஊர் திரும்பும் நாட்களில் ஆரியங்காவு மலைப்பாதையின் வளைவுகளில் அக்காவுக்குக் குமட்டல் எடுக்கும். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்கு அருகே ஓரம் கட்டி, பலகையை விரித்துக் கொடுத்தால், அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து உட்காருவார். பிறகு பலகையை மடித்து, இருக்கையை நிமிர்த்தி, பெல்ட் போட்ட பிறகே வண்டியை எடுப்பேன். ஓடும் வண்டியில் ஒரு நாளும் அவரைப் படுக்க வைத்ததில்லை. இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகை போட்டுவிட்டோம் என்பதற்காகப் பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டே மலை ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்; திடீரென்று பிரேக் பிடித்தால் அந்தப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

அப்படித் திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வழியில் வண்டியை நிறுத்திய அதிகாரி ஒருவர் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வண்டியை மாற்றியமைத்திருக்கிறீர்கள், வழக்குப் போட வேண்டும்" என்றார். நான் எதுவும் வாதாடாமல் பலகைகளையும் பெட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாலையோரம் வைத்தேன். மூன்று நிமிடங்களில் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே நின்றது. ஓர் ஆணித் துளைகூட உடலில் இல்லை. அவர் விட்டுவிட்டார். ஆனால், "அடுத்த முறை நிறுத்துகிறவர் இதை ஒப்புக்கொள்வார் என்று என்னால் சொல்ல முடியாது" என்று சொல்லியே அனுப்பினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இது குறித்து அவர் கையிலும் தெளிவான உத்தரவு எதுவும் இருக்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிப்படுத்தியது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் காணொளிப் பதிவர்கள் இருவரின் பெரிய வேன் பறிமுதல் செய்யப்பட்டபோது மாநிலம் முழுவதும் அது பேசப்பட்டது. பழைய வேன் வைத்திருக்கும் எளியவர்கள் பலர் அன்றிலிருந்தே அஞ்சத் தொடங்கினார்கள். சட்டத்தின் நோக்கத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். கூரையை அறுத்து உயர்த்துவது, இருக்கைகளைக் கழற்றி எறிவது, பக்கச் சுவரில் புதிதாகச் சன்னல் வெட்டுவது ஆகியவை வண்டியின் உறுதியையும் எடைச் சமநிலையையும் குலைக்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். நான் கேட்பது வேறு. எந்தக் கருவியும் இல்லாமல் வெறுங்கையால் எடுத்துவிடக்கூடிய பலகையும் மெத்தையும் மாற்றமா, இல்லை பெட்டி, படுக்கையைப் போன்ற பயணச் சுமையா?

இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக என் வண்டியில் உள்ள அமைப்பை விளக்குகிறேன். ஆம்னியில் 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், அவற்றுக்குப் பின்னால் தரை தட்டையாகக் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் தள்ளுகதவு உண்டு. ஐந்து பேர் அமரும் என் வண்டியில் பின் இருக்கையின் சாய்மானத்தை முன்னால் மடித்து, அந்த உயரத்துக்குச் சமமாகப் பின்புறச் சுமைப் பகுதியில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். பியானோ கீல் என்னும் நீளமான பட்டைக் கீலால் இணைத்த மூன்று பலகைகள் பகலில் அந்தப் பெட்டியின் மேல் அடுக்காகக் கிடக்கும். இரவில் முன் இருக்கைகளை முன்னே தள்ளிவிட்டு விரித்தால் இருக்கையின் மேல் வந்து படியும். ஐந்தரை அடி உயரமுள்ள நான் நேராகப் படுக்க முடிகிறது. என்னைவிட உயரமானவர்கள் குறுக்காகத்தான் படுக்க வேண்டும். அகலம் நான்கடிக்கும் குறைவு என்பதால் இருவர் நெருக்கிப் படுக்க வேண்டியிருக்கும். விரித்த பிறகு நிமிர்ந்து உட்காரவும் முடியாது. இந்தக் குறைகளை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. மலை ஏறி வந்த இரவில் எஞ்சின் சூடு முன்பகுதியில் வெகுநேரம் தங்கும். ஆகவே தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பலகைக்குப் பலரும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள அந்தத் தகடு ஒன்றே ஏறத்தாழ 35 கிலோ இருக்கும்; 12 மில்லிமீட்டர் தகடு 23 கிலோ அளவில் முடிந்துவிடும். அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்தால் 12 மில்லிமீட்டரே இருவரைத் தாங்குகிறது. ஐவருக்கான வண்டியில் இருவர் போகும்போது மற்ற மூவரின் எடைதான் நமக்கு உள்ள இடம்; தண்ணீர், பேட்டரி, பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். விலை சற்று அதிகமானாலும் கொதிநீருக்கும் பிரிந்து போகாத தரத்தில் வாங்குங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் எங்கள் ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கும். மட்டமான பலகை ஒரே பருவத்தில் பொருமி விடும். அதே காரணத்தால்தான் இலவம்பஞ்சு மெத்தையை விட்டுவிட்டு, ரப்பர் சேர்த்த தென்னைநார் மெத்தையை மூன்று மடிப்பாக வாங்கினேன். இலவம்பஞ்சில் படுக்கும் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை அடிக்கடி வெயிலில் காயவைக்க வேண்டும், சாரலில் வெயிலுக்கு எங்கே போவது?

மின்சாரத்தைப் பற்றி, அதையே தொழிலாகச் செய்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து விசிறிக்கும் விளக்குக்கும் எடுக்கவே கூடாது. விடியும்போது வண்டி கிளம்பாது. தனியாக 12 வோல்ட், 42 ஆம்பியர்-அவர் அளவுள்ள மூடிய வகை ஈய-அமில பேட்டரி ஒன்றை மூடியிட்ட பெட்டியில் வைத்துப் பட்டையால் கட்டியிருக்கிறேன். 12-ஐ 42-ஆல் பெருக்கினால், அதில் சுமார் 500 வாட்-அவர் மின்சாரம் இருக்கும்; அந்த வகை பேட்டரியின் ஆயுளைக் காக்க அதில் பாதியை மட்டுமே எடுக்கலாம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 20 வாட் பி.எல்.டி.சி. விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 160, ஐந்து வாட் விளக்குகள் இரண்டு நான்கு மணி நேரம் எரிந்தால் 40, இரண்டு செல்பேசிகளுக்கு 30. ஆக 230 வாட்-அவர். ஓர் இரவுக்கு இது போதும், மறுநாள் மின் இணைப்புள்ள இடத்தில் சார்ஜ் செய்துகொள்ளலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லாத எந்த வண்டியிலும் நான் படுக்க மாட்டேன். மெல்லிய ஒயரை இழுத்து, கூரை விரிப்புக்குள் மறைத்து, ஃபியூஸும் இல்லாமல் விட்டிருந்த வண்டிகளைக் கடையில் பார்த்திருக்கிறேன். உலோகத் தகட்டில் ஒயர் உரசித் தோல் போனால் தீதான்.

தீயைவிட எனக்கு அதிகம் அச்சம் தருவது புகை. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில், அதாவது தங்கும் வசதி கொண்ட வண்டியில், இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளியான கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். ஆம்னியில் எஞ்சினே நம் காலடியில் இருக்கிறது. ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உறங்குவதை யாரும் செய்ய வேண்டாம். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கண்ணாடிகளை விரல் அகலம் திறந்து, காந்தப் பட்டை தைத்த கொசுவலையை வெளிப்புறம் ஒட்டிவிட்டால் காற்றும் வரும், உள்ளே மூச்சு ஈரமும் படியாது. சமையலும் உள்ளே கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில், மெத்தைக்கு அடியில் தேங்கும். ஆம்னியின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் அதுவே ஒரு தாழ்வாரம் ஆகிறது. அதன் கீழே வெளியே நின்று கஞ்சி காய்ச்சிக்கொள்ளலாம்.

வண்டி வாங்குவதில் ஒன்றிரண்டு சொல் போதும். ஆம்னி உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது, கிடைப்பதெல்லாம் பழையவை. மழையும் கடற்காற்றும் தின்ற வண்டிகள் கேரளப் பக்கத்திலிருந்து மலிவாக வரும். ரப்பர் விரிப்பைத் தூக்கி, தரையையும் தள்ளுகதவின் கீழ்த்தண்டவாளத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கே.எல். எண் வண்டி என்றால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி மறுபதிவு செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பதினைந்து ஆண்டு முடியும் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும் மறக்க வேண்டாம்.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. வாகமனில் கேரவன் பூங்காவும் வந்தது. வண்டியில் உறங்கிப் பயணம் செய்வது தவறன்று என்பதை அரசே ஏற்றுக்கொண்ட செயல் அது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கொள்கை பல லட்சம் ரூபாய் பெறும் பெரிய வண்டிகளை மனத்தில் வைத்தது. ஒரு லட்சம் ரூபாய்க்குப் பழைய வேன் வாங்கி, அதிலேயே கடைக்கும் போய், மருத்துவமனை வாசலில் அதிலேயே உறங்குகிறவர்களைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகளும் ஒரே ஒரு பக்கத்தில் ஒரு விளக்கம் வெளியிட்டால் போதும்: பதிவான இருக்கைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், உடலில் வெட்டோ பற்றவைப்போ துளையோ கூடாது, எரிவாயு உருளையை உள்ளே பொருத்தக் கூடாது, வண்டி ஓடும்போது கண்ணாடிகளில் திரை கூடாது, இவற்றுக்கு உட்பட்டு, கருவியின்றி எடுக்கக்கூடிய படுக்கை பயணச் சுமையாகவே கருதப்படும் என்று. இந்த நிபந்தனைகளில் வேறு எதையாவது சேர்க்க வேண்டும் என்று துறை கருதினால் அதையும் சேர்க்கட்டும். பின்பற்ற நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். தமிழிலும் மலையாளத்திலும் அது அச்சிடப்பட்டிருந்தால் நிறுத்துகிற அதிகாரிக்கும் நிற்கிற எங்களுக்கும் ஒரே தாள் போதும்.

அக்கா இப்போது நலமாக இருக்கிறார். அடுத்த பரிசோதனைக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அப்படி ஒரு தாள் வெளிவந்தால், பதிவுச் சான்றிதழோடும் காப்பீட்டோடும் அதையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு புறப்படுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகன்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்